பாங்காக்ல கோட்டு தைக்கலாமா அண்ணாச்சி?

இந்த ஒரு கேள்வியை மட்டும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ஆபீஸ்ல ஒருத்தர், சொந்தத்துல கல்யாணம் நிச்சயமான ஒரு மாப்பிள்ளை, போன வாரம் சிவகாசியில இருந்து ஒரு நண்பர். "டூர் போறோம். அங்க ஒரே நாள்ல கோட்டு சூட்டு தைச்சுக் குடுக்கிறாங்களாமே... கல்யாண ரிசப்ஷனுக்கு ஒண்ணு தைச்சிட்டு வந்துரலாமா?"

என்கிட்ட ஏன் கேக்குறாங்கன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, ஆணி புடுங்குற வேலையா அப்பப்ப அந்தப் பக்கம் போய் வந்துட்டு இருக்கேன். ரெண்டாவது, எங்க தாய்மாமா ஆமத்தூர்ல டெய்லர். பள்ளிக்கூட லீவு பூரா அவர் கடையில உக்காந்து காஜா எடுத்து, பட்டன் கட்டி, எம்மிங் பண்ணின கை இது. (சம்பளம்: ஒரு டீ, ஒரு முறுக்கு. வடை கேட்டா, "முதல்ல பட்டனை நேராக் கட்டு, அப்புறம் பாப்போம்"னு பதில் வரும்.)

ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதி வெச்சிடறேன். அவசரக்காரங்களுக்குச் சுருக்கமா:

சட்டைன்னா தாராளமா தைங்க. கோட்டுன்னா, ரெண்டாவது ட்ரையல் பாக்க நேரம் இருந்தா மட்டும் தைங்க. இல்லேன்னா அந்தக் காசை நம்மூர்ப் பக்கமே செலவு பண்ணுங்க.

நேரம் இருக்கிறவங்க மேல படிங்க.

சட்டை வேற, கோட்டு வேற

சட்டைங்கிறது துணி. தோள்ல மாட்டினா தொங்கும். தோளும் காலரும் சரியா அமைஞ்சுட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சது. நம்ம ஆளுங்க ஒரு அளவுச் சட்டையைக் குடுத்துட்டு, "இதே மாதிரி, கொஞ்சம் உள்ள விட்டு தைங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நல்ல டெய்லருக்கு அதுக்கு மேல எதுவும் வேண்டியதில்ல.

கோட்டு அப்படி இல்ல. வெளித்துணிக்கும் உள்ள இருக்கிற லைனிங்குக்கும் நடுவுல கேன்வாஸ்னு ஒண்ணு இருக்கு. மார்புப் பக்கம் கோட்டு விறைப்பாவும் வளைஞ்சும் நிக்குதுல்ல, அது இந்தக் கேன்வாஸோட வேலை. உசத்தியான கோட்டுல, அதைத் துணியோட சேர்த்துச் சின்னச் சின்னத் தையலா கையால ஓட்டுவாங்க. தைக்கும்போதே கையில வளைச்சுப் பிடிச்சு, உடம்போட வளைவை உள்ள ஏத்திருவாங்க. நேரம் போறது அங்கதான்.

அதுக்கு முன்னாடி ட்ரையல். முதல் ட்ரையல்ல கோட்டு பாதிதான் ஆகியிருக்கும். வெள்ளை நூல்ல பெரிய பெரிய தையலா போட்டு, கை ஒரு பக்கம் தொங்க, காலர் ஒரு பக்கம் தொங்க, சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிக்க வெப்பாங்க. மாஸ்டர் சுத்திச் சுத்தி வந்து சாக்பீஸ்ல கோடு போடுவாரு, குண்டூசி குத்துவாரு. அப்புறம் மொத்தத்தையும் பிரிச்சுட்டு மறுபடி வெட்டுவாரு. ரெண்டாவது ட்ரையல்ல தான் அவர் வெட்டினது சரியான்னு தெரியும்.

எதுக்கு இவ்வளவு? ஏன்னா இஞ்ச் டேப் நீளத்தைத் தான் சொல்லும், நிக்கிற விதத்தைச் சொல்லாது. நமக்கெல்லாம் ஒரு தோள் இன்னொண்ணை விட கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். பத்து வருசம் பொட்டி தட்டினவங்களுக்கு ரெண்டு தோளும் முன்னாடி விழுந்து, கழுத்து நீண்டு, லேசா ஆமை மாதிரி ஆயிருக்கும். (கண்ணாடில பக்கவாட்டுல பாருங்க. பாத்தீங்களா? கவலைப்படாதீங்க, நானும் அதே கட்சி.) 40 இஞ்ச் மார்பு இருக்கிற ரெண்டு பேருக்கு ஒரே கோட்டு உக்காராது. ஒருத்தருக்குப் பின்கழுத்துல காலர் எழும்பி நிக்கும். இன்னொருத்தருக்கு காலருக்குக் கீழ மடிப்பு விழும். ட்ரையல் இல்லாம இதைப் பிடிக்க எந்தப் பெரிய மாஸ்டராலயும் முடியாது.

50 மணி நேரத்தை 24-க்குள்ள எப்படி அடைக்கிறது?

லண்டன்ல சேவில் ரோன்னு ஒரு தெரு. கோட்டு தைக்கிறவங்களுக்கு அது காசி மாதிரி. 2004-ல அங்க இருக்கிற பழைய கடைக்காரங்க சிலர் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுல சேரணும்னா ஒரு சூட்டுக்குக் குறைஞ்சது 50 மணி நேரம் கைவேலை இருக்கணும்னு விதி. அங்க ஆர்டர் குடுத்தா கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்கு ஆகும். நடுவுல ரெண்டு மூணு ட்ரையல்.

அந்த மாதிரித் தையலுக்கு அவங்க வெச்ச பேர் பெஸ்போக். வாடிக்கையாளர் பேசி வெச்ச துணிங்கிற அர்த்தத்துல வந்த வார்த்தைன்னு சொல்வாங்க. நம்மூர்ல "சொல்லி வெச்சு செஞ்சது"ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதேதான். 2008-ல இந்த வார்த்தைக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மெஷின்ல தைச்ச கோட்டை பெஸ்போக்னு விளம்பரம் பண்றாங்கன்னு புகார் போக, விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்பு 'அப்படிச் சொல்றதுல தப்பில்ல'ன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஆக, லண்டன்லயே வார்த்தைக்கு மதிப்பு போயாச்சு. பாங்காக் கடை போர்டுல பெஸ்போக்னு எழுதியிருந்தா அதை நம்பி உள்ள போகாதீங்க. தையலைப் பாத்துட்டு நம்புங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். கைவேலையே 50 மணி நேரம். நாளைக்கு இருக்கிறது 24 மணி நேரம். அப்ப ஒரே நாள்ல எப்படி கோட்டு வருது? வேலையை நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம். பேண்ட் ஒருத்தர், கை ஒருத்தர், காலர் ஒருத்தர்னு. அதுக்கு மேல குறைக்கணும்னா கேன்வாஸ் தையல்ல தான் கை வைக்கணும். தைக்கிறதுக்கு பதிலா பசை தடவின ஒட்டுத்துணியை உள்ள வெச்சு, சூடா அழுத்தி ஒட்டிருவாங்க. நம்மூர்ச் சட்டைக் காலருக்குள்ள வெக்கிற ஒட்டுக் கேன்வாஸ் மாதிரி தான். ஃப்யூசிங்னு பேரு.

ஃப்யூசிங் பாவம்னு நான் சொல்லல. கடையில தொங்குற ரெடிமேட் கோட்டுல பெரும்பாலானது அதுதான். நல்லா ஒட்டினா பல வருசம் வரும். சரியா ஒட்டலேன்னா டிரை கிளீனிங் போய் வரப்போ உள்ள பசை விட்டு, மார்புல கொப்புளம் கொப்புளமா எழும்பும். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ரெண்டு நாள் பயணத்துல தைச்சிட்டு வந்த கோட்டு, மூணாவது சலவைக்கு அப்பளம் பொரிச்ச மாதிரி ஆயிருச்சு. கடை எங்க இருக்கு? மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி. அவன் என்ன, ரெட்டைத் தையல் போடச் சொல்லி பஸ்ல போயா குடுக்க முடியும்?

கோளாறே இங்கதான் இருக்கு.

திரும்பி வராத வாடிக்கையாளர்

இந்த அவசரத் தையல் எப்படி ஆரம்பிச்சதுன்னு பாத்தா விஷயம் விளங்கும். ஹாங்காங்கை எடுத்துக்குங்க. 1947 பிரிவினையில வீடு வாசல் இழந்த சிந்திக்காரங்க பல ஊருக்குச் சிதறினாங்க, அதுல சில பேர் அங்க போய்ச் சேர்ந்தாங்க. 1949-ல சீனாவுல ஆட்சி மாறினப்போ ஷாங்காய்ல இருந்த கை தேர்ந்த தையல்காரங்க பலரும் ஹாங்காங்குக்கு வந்துட்டாங்க. நேத்தன் ரோட்டுல இருக்கிற சாம்ஸ் டெய்லர் 1957-ல ஒரு சிந்திக் குடும்பம் ஆரம்பிச்ச கடை. பிரிட்டிஷ் ராணுவத்துக்காரங்களுக்குத் தைச்சுக் குடுத்து வளர்ந்தது. இப்ப அங்க போனா சுவர் பூரா ஜனாதிபதிங்க, நடிகருங்க போட்டோ தான்.

அப்புறம் வியட்நாம் போர். சண்டைக்கு வந்த அமெரிக்க சிப்பாய்களுக்கு நடுவுல ஒரு வாரத்துக்கும் குறைவா லீவு குடுத்து ஹாங்காங், பாங்காக்னு அனுப்புவாங்க. இளந்தாரிப் பசங்க, கையில காசு, திரும்பிப் போக நாலஞ்சு நாள். அவங்களுக்குக் கோட்டு தைக்கணும்னா வேகமாத் தைச்சாகணும். தைச்ச கோட்டு நல்லா இல்லேன்னா திரும்பி வந்து சட்டையைப் பிடிக்க ஆள் வரப் போறதில்ல. சில பேர் வீட்டுக்கே திரும்பல, பாவம்.

வேகத்துக்கும் திரும்பி வராத ஆளுக்கும் பழகின தொழில் இது. சிப்பாய் போய் டூரிஸ்ட் வந்திருக்காரு, அவ்வளவுதான் வித்தியாசம். வியட்நாம்ல ஹோய் ஆன்னு ஒரு அழகான பழைய துறைமுக ஊர். 1999-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. இன்னைக்கு அங்க தெருவுக்குத் தெரு டெய்லர் கடை. காலைல அளவு, சாயங்காலம் டெலிவரி.

பாங்காக் கதை இன்னும் விசேஷம். சுகும்வித் ரோட்டுல நடந்து போனா, "நமஸ்தே சார், சூட் சார், வெரி குட் ப்ரைஸ்"னு நம்மாளுங்களே கூப்பிடுவாங்க. ஒரு கோட்டு, ரெண்டு பேண்ட், நாலு சட்டை, ஒரு டை, எல்லாம் சேர்த்து ஒரே விலைன்னு அட்டை தொங்கும். டுக்டுக் ஓட்டுறவரு "இன்னைக்கு அரண்மனை லீவு, வாங்க வேற இடம் காட்டுறேன்"னு சொல்லி நேரா டெய்லர் கடையில இறக்கி விடுவாரு. (அரண்மனைக்கு லீவெல்லாம் இல்ல, கமிஷன் தான்!) அந்தக் கமிஷனும் உங்க கோட்டுலதான் தைச்சிருக்கும்.

இப்ப இதை ஆமத்தூரோட வெச்சுப் பாருங்க. மாமா யாருக்காவது காலரைக் கோணலா தைச்சுட்டாருன்னு வெச்சுக்குவோம். அந்தச் சட்டை தினமும் காலைல அவர் கடை முன்னாடி விருதுநகர் பஸ்ஸுக்கு நிக்கும்! கோயில் கொடைக்கு வரும், கல்யாணப் பந்தியில எதிர்ல உக்காந்து சாப்பிடும். கூப்பிட்டு, "அதைக் கழட்டிக் குடுப்பா, பாக்கவே சகிக்கல"ன்னு சொல்லி அவரே பிரிச்சுத் தைச்ச கூத்தெல்லாம் உண்டு. பெரிய மாஸ்டர் இல்ல அவர். கோட்டும் தைக்க மாட்டார். ஆனா தான் தைச்சது தன் கண் முன்னாடி நடமாடுங்கிற பயம் இருந்தது. லண்டன் மாஸ்டர் வருசத்துக்குச் சில தடவை பெட்டியைத் தூக்கிட்டு நியூயார்க் போய் ஹோட்டல்ல ரூம் போட்டு வாடிக்கையாளருக்கு ட்ரையல் பாக்குறாரே, அதுக்கும் காரணம் இதுதான். திரும்பப் பாக்காம கோட்டு முடியாது.

புதுமண்டபம் சொன்ன பாடம்

வெளிநாட்டுல தைச்சா எல்லாமே தண்டம்னு நான் சொல்ல வரல. பக்கத்துல மதுரையிலயே இதுக்கு நல்ல உதாரணம் இருந்தது.

மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிர்ல புதுமண்டபம். பதினேழாம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் கட்டினது. பேர்தான் புது. பல தலைமுறையா அதுக்குள்ள பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல் கடைன்னு ஒரு ஊரே இருந்தது. தூணுக்குத் தூண் தையல் மெஷின். சிற்பத்துல இருக்கிற யாளிக்குக் கீழ உக்காந்து கடகடன்னு மிதிச்சுட்டு இருப்பாங்க. வெள்ளைக்காரங்க அங்க வந்து தான் போட்டிருக்கிற சட்டை மாதிரியோ பாவாடை மாதிரியோ இன்னொண்ணு வேணும்னு குடுப்பாங்க. துணியை எடுத்து, கோயிலைச் சுத்திப் பாத்துட்டு வர்றதுக்குள்ள அப்படியே நகல் எடுத்துத் தைச்சிருப்பாங்க. வெளிநாட்டுப் பயணக் கையேடுகள்ல எல்லாம் எழுதிப் பிரபலமான விஷயம். 2020-களோட தொடக்கத்துல அந்தக் கடைகளைப் பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. மண்டபத்துக்கு நல்லது தான். இருந்தாலும் அந்த மெஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் மனசுக்கு ஒட்டல.

அங்க ஏன் சரியா வந்தது? மூணு காரணம். தைச்சது கோட்டு இல்ல, சட்டையும் பாவாடையும். கையில அளவுச் சட்டை இருந்தது, அதனால உடம்பை யூகிக்க வேண்டியதில்ல. வாங்குறவரு அங்கேயே போட்டுப் பாத்து, அங்கேயே பிரிச்சுத் தைச்சு வாங்கிட்டுப் போவாரு. இந்த மூணும் இருந்தா உலகத்துல எந்த ஊர்லயும் தைக்கலாம்.

சரி, தைக்கத்தான் போறேன்னா...

1. சட்டையில ஆரம்பிங்க. போன முதல் நாளே ஒண்ணே ஒண்ணு தைக்கக் குடுங்க. ரொம்பப் பிடிச்ச உங்க பழைய சட்டை ஒண்ணை அளவுக்குக் கொண்டு போங்க. புதுச்சட்டை வந்ததும் ஹோட்டல்ல தண்ணியில அலசிக் காயப் போடுங்க. பருத்தி சுருங்கும். சுருங்கின பிறகும் காலர் பட்டன் போட முடியுதான்னு பாத்துட்டு மிச்சம் நாலுக்கு ஆர்டர் குடுங்க.

2. கட்டம் போட்ட துணின்னா பாக்கெட்டைப் பாருங்க. பாக்கெட் கட்டமும் சட்டைக் கட்டமும் சேரணும். இதுல அக்கறை இல்லாத கடையில மத்ததுலயும் அக்கறை இருக்காது. வாட்ச் கட்டுற கைக்கு கஃப் அரை விரல் பெருசா வெக்கச் சொல்லுங்க.

3. துணியை நம்பாதீங்க, எரிச்சுப் பாருங்க. கம்பளித் துணிக்கு 'சூப்பர் 100', 'சூப்பர் 120'ன்னு நம்பர் போட்டிருக்கும். நூலிழை எவ்வளவு மெல்லிசுங்கிற கணக்கு அது. 100-க்கு 18.75 மைக்ரான், 120-க்கு 17.75 மைக்ரான், அதுக்கு மேல தடிமன் இருக்கக் கூடாது. கம்பளிக்கு மட்டும்தான் இந்த நம்பர். பாலியஸ்டர்ல 'சூப்பர் 180'ன்னு சீட்டு ஒட்டி வெச்சிருந்தா கும்பிட்டுட்டு வெளிய வந்துருங்க. நம்பர் ஏற ஏற துணி நைஸா இருக்கும், ஆனா சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். தினசரிக்கு 100, 110 போதும்.

சந்தேகம்னா நாலு இழை நூலை உருவி, கடைக்கு வெளிய வந்து ஒரு தட்டுல வெச்சுத் தீக்குச்சி கிழிங்க. கம்பளின்னா முடி கருகின வாடை வரும், நெருப்பு தானா அணையும், சாம்பல் விரல்ல பொடியும். பருத்தின்னா காகிதம் எரிஞ்ச வாடை. பாலியஸ்டர்னா உருகி, கறுப்பா, கல்லு மாதிரி உருண்டை ஆகும். (ஹோட்டல் ரூம்ல பண்ணாதீங்க, அலாரம் அடிச்சு மானம் போயிரும்.)

தீப்பெட்டி விஷயத்துல எங்க ஊருக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. விளையாட்டுக்குச் சொல்லல. எங்க சுத்து வட்டாரத்துல பட்டாசு ஆலைக்குள்ள வேலைக்குப் போறவங்க பருத்தித் துணிதான் உடுத்தணும். பாலியஸ்டர், நைலான் உரசினா மின்சாரம் ஏறும், ஒரு பொறி போதும். தீ பிடிச்சா உருகித் தோலோட ஒட்டிக்கும். ஆலை அறைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி, உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்க, தரையோட இணைச்ச தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும். துணி என்ன துணிங்கிறது இங்க உயிர்ப் பிரச்சினை. அப்படிப்பட்ட ஊர்ல பிறந்துட்டு, கடைக்காரர் 'கேஷ்மியர்'னு சொன்னதை அப்படியே நம்பிட்டு வரலாமா?

4. கோட்டுன்னா குறைஞ்சது நாலஞ்சு நாள் ஒரே ஊர்ல இருக்கணும். முதல் ட்ரையல், ரெண்டாவது ட்ரையல், டெலிவரின்னு தேதி போட்டு பில்லுல எழுதி வாங்குங்க. முழுக் காசையும் முன்னாடியே குடுக்காதீங்க. ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலைல டெலிவரி வெச்சுக்காதீங்க. அதுதான் அவங்களுக்கு வேணும்.

5. கையில பசையா தையலான்னு பாருங்க. கீழ்ப் பட்டனுக்குப் பக்கத்துல வெளித்துணியையும் உள்துணியையும் தனித்தனியா கிள்ளிப் பிரிச்சா, நடுவுல மூணாவதா ஒரு துணி நழுவினா அது தைச்ச கேன்வாஸ். வெளித்துணி அட்டை மாதிரி ஒரே பாளமா வந்தா பசை. பசைன்னா பசைக்கு உண்டான விலையைக் குடுங்க, கைவேலை விலையைக் குடுக்காதீங்க.

6. எதைப் பின்னாடி மாத்தலாம், எதை முடியாதுன்னு தெரிஞ்சுக்குங்க. கை நீளம், இடுப்பு, பேண்ட் உயரம் இதெல்லாம் ஊர்ல வந்து சரி பண்ணிக்கலாம். தோள், அக்குள், கோட்டோட மொத்த நீளம் இது மூணும் தப்பாப் போனா போனதுதான். ட்ரையல்ல நேரத்தை இந்த மூணுக்கு மட்டும் செலவு பண்ணுங்க.

7. "வளர்ற பையன், விட்டு தைங்க"ன்னு நம்ம அம்மாக்கள் சொன்னாங்களே, அதை அங்கயும் சொல்லுங்க. உள்ள மடிப்புல துணி விடச் சொல்லுங்க. முப்பது வயசுக்கு மேல நாம மேல வளரலேன்னாலும் பக்கவாட்டுல வளர்றோம்ல.

நம்மூருக்கு என்ன?

இதுவரைக்கும் சொன்னது டிப்ஸ். என்னை உறுத்துற விஷயம் வேற.

பாங்காக்ல கேட்ட காசை பேசாம நீட்டுற அதே ஆளு, இங்க டெய்லர்கிட்ட தையல் கூலியில அம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுறாரு. அங்க ட்ரையலுக்கு டாக்ஸி பிடிச்சுப் போறாரு. இங்க ஒரு தடவை போட்டுப் பாக்க வாங்கன்னா, "நீங்களே பாத்துத் தைச்சிடுங்கண்ணே"ன்னு நழுவுறாரு. நேரமும் குடுக்கிறதில்ல, கூலியும் குடுக்கிறதில்ல. அப்புறம் "நம்மூர்ல எவனுக்கும் தைக்கத் தெரியல"ன்னு தீர்ப்பு.

நம்ம டெய்லர்களும் சுத்தத் தங்கம்னு சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி டெய்லர் கடை வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும். "இதோ காஜா மட்டும் தான் பாக்கி"ன்னு சொல்லி நடுராத்திரி வரைக்கும் நிக்க வெச்சு, சட்டை கைக்கு வந்தா காலர் ஒரு பக்கம் பட்டாசைப் பாக்கும், இன்னொரு பக்கம் பலகாரத்தைப் பாக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, அதுவும் இருபத்திநாலு மணி நேரத் தையல் தானே? அவசரத்துல தைச்சா ஆமத்தூர்லயும் கோணும், பாங்காக்லயும் கோணும். இங்க மறுநாள் போய்ச் சண்டை போடலாம், அவ்வளவுதான்.

பொம்பளைங்களைப் பாருங்க. தங்கமணி ஒரு பிளவுஸ் தைக்கக் குடுத்தா, போட்டுப் பாத்து, அக்குள்ல பிடிக்குதுன்னு திருப்பிக் குடுத்து, மறுபடி போட்டுப் பாத்து, சரியா வர்ற வரைக்கும் விடுறதில்ல. கூலி சட்டைக் கூலியை விட அதிகம், அதையும் குடுக்கிறாங்க. விளைவு? எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் பிளவுஸ் தைக்கிற கடை உயிரோட இருக்கு. ஆம்பளைச் சட்டை தைக்கிற கடை ஒண்ணொண்ணா மூடிட்டு இருக்கு. எங்க மாமா கடையில இப்போ வர்றது பேண்ட் உயரம் குறைக்கிறது, ஜிப் மாத்துறது, பை தைக்கிறது தான். காஜா எடுக்க எந்த மருமகனும் வர்றதில்ல.

துணிக்கும் தையலுக்கும் பஞ்சமில்லாத மாவட்டம் இது. அருப்புக்கோட்டையில நெசவு. தளவாய்புரத்துல தைக்கிற நைட்டி எங்கெங்கயோ போகுது. சாத்தூர்ப் பக்கம் இ.குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல ஜவுளிப் பூங்கான்னு 2023-ல அறிவிச்சாங்க. அதெல்லாம் ஆயிரக்கணக்குல ஒரே அளவுல தைக்கிறது. வேலை வாய்ப்புக்கு நல்லது, வரட்டும். ஆனா ஒரு ஆளைப் பாத்து, அவன் தோள் எந்தப் பக்கம் சரியுதுன்னு கண்டுபிடிச்சு வெட்டுற கை, பேக்டரியில உருவாகாது. அது ட்ரையல்ல தான் உருவாகும். ட்ரையலுக்கு நாம போகலேன்னா அந்தக் கை எப்படிப் பழகும்?

"இந்த வெயில்ல கோட்டே எதுக்கு? காமராஜர் 1966-ல ரஷ்யாவுக்கே வேட்டி சட்டையோட போய் வந்தவர் ஆச்சே"ன்னு விருதுநகர்க்காரங்க யாராவது கேப்பீங்க. நியாயம் தான். அவருக்கு இருந்த தைரியம் நமக்கு இருந்தா கோட்டு வேண்டாம். ஆனா இண்டர்வியூவுக்குப் போற பையனுக்கும் ரிசப்ஷன் மேடையில நிக்கிற மாப்பிள்ளைக்கும் அந்தச் சலுகையைச் சமூகம் இன்னும் குடுக்கலையே. வேணும்னு ஆனப்புறம் ஒழுங்கா இருக்கட்டும்னு தான் சொல்றேன்.

அதனால அந்த மாப்பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இது. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. டூர் போ, ஜாலியா சுத்து, ரெண்டு சட்டை தைச்சுக்கோ. கோட்டுக்கு அங்க வெச்சிருந்த காசை எடுத்துட்டு மதுரையில கோட்டு வெட்டத் தெரிஞ்ச ஒரு வயசான மாஸ்டரைத் தேடு. பாதி லைனிங் போதும், மெல்லிசா கம்பளி எடு, நம்ம வெயிலுக்குக் காத்து போகணும். அவர் கேக்குற கூலியில பேரம் பேசாத. அதுக்கு பதிலா மூணு ட்ரையல் கேளு, மூணு தடவையும் நீயே போ. தோள்ல மடிப்பு விழுந்தா, "அண்ணாச்சி, இங்க பாருங்க"ன்னு சொல்லு. முதல்ல முறைப்பாரு. இத்தனை நாள் கழிச்சு ஒருத்தன் தோளைப் பத்திக் கேக்குறானேன்னு அப்புறம் அவருக்கே வேலை ருசிக்கும்.

உங்க ஊர்ல கோட்டு வெட்டத் தெரிஞ்ச மாஸ்டர் யாராவது இன்னும் கத்தரி பிடிச்சிட்டு இருக்காரா மக்கா? இருந்தா ஒரு சட்டையாவது குடுங்க. ட்ரையலுக்கும் போங்க.

பி.கு: டை கட்டுறது எப்படின்னு யாரும் என்கிட்ட கேக்காதீங்க. அது தாய்மாமா சிலபஸ்ல இல்ல :-)